கட்டபொம்மன் நோட்டு

கயத்தாற்றைச் சுற்றியுள்ள கரிசல் ஊர்களில் ஒரு காலத்தில் கோயில் திருவிழா நெருங்கும்போது இளவட்டங்கள் கூடி, "இந்தக் கொடைக்கு நாமளே நாடகம் போடுவோம்" என்று முடிவெடுத்தால், என்ன நாடகம் என்று யாரும் கேட்பதில்லை. கட்டபொம்மன்தான். வள்ளி திருமணம் வேண்டுமென்றால் மதுரையிலிருந்தோ புதுக்கோட்டையிலிருந்தோ ஸ்பெஷல் நாடக நடிகர்களுக்கு அட்வான்ஸ் கொடுத்து வரவழைக்க வேண்டும். வேலனும் வள்ளியும் விடிய விடியத் தர்க்கம் பாடுவதற்குத் தொழில் தெரிந்த தொண்டை வேண்டும். கட்டபொம்மனுக்கு ஊர்க்காரர்களே போதும். தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்குகிறவரும், பருத்தி யாவாரம் பார்க்கிறவரும், மாடு மேய்க்கிறவரும் ராத்திரிச் சோறு உண்ட பிறகு சாவடியில் கூடிப் படித்துவிடக்கூடிய நாடகம் அது.

இந்த நாடகத்துக்குக் கயத்தாற்றில் வேறெங்கும் இல்லாத கனம் உண்டு. 1799 அக்டோபர் 16 அன்று மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டது இந்த மண்ணில்தான். திருநெல்வேலியிலிருந்து கோவில்பட்டி போகும் பெருஞ்சாலையில் பஸ் கயத்தாற்றைத் தொடும்போது, வாள் பிடித்த சிலையைப் பார்க்க ஜன்னலோரத்துப் பிள்ளைகள் எட்டி எழுந்திரிப்பார்கள். அந்தச் சிலையை 1970இல் சொந்தப் பணத்தில் இடம் வாங்கி நிறுத்தியவர் சிவாஜி கணேசன். 2015இல் அரசு அங்கே மணிமண்டபமும் கட்டியது. மற்ற ஊர்களில் கட்டபொம்மன் நாடகம் நடந்தால் ஜனங்கள் கதை பார்க்க வருவார்கள். கயத்தாற்றுப் பக்கத்தில் அவர்கள் வருவது ஒரு சாவுக்கு வருவது மாதிரி. முடிவு எங்கே நடந்தது என்பது உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருவருக்கும் கை நீட்டிக் காட்டத் தெரியும்.

நாடகம் வந்த வழியும் சுற்றுவழிதான். சிறுவனாக இருந்தபோது திருச்சியில் பார்த்த கம்பளத்தார் கட்டபொம்மன் கூத்துதான் தன்னை நடிகனாக்கியது என்று சிவாஜி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். கம்பளத்தார் என்றால் கட்டபொம்மன் பிறந்த ராஜகம்பளத்து நாயக்கர்கள். அந்தச் சிறுவன் வளர்ந்து, சக்தி கிருஷ்ணசாமியை எழுதச் சொல்லி, 1957இல் தன் நாடக மன்றத்தின் மூலம் 'வீரபாண்டிய கட்டபொம்ம'னை மேடையேற்றினார். பி.ஆர். பந்துலு அதை 1959இல் ஜி. ராமநாதன் இசையில் படமாக எடுத்தார். 1960இல் கெய்ரோ ஆசிய-ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது சிவாஜிக்குக் கிடைத்தது. பிறகு படத்தின் வசனம் இசைத்தட்டாகி, கேசட்டாகி, கல்யாண வீட்டுக் குழாய் ஒலிபெருக்கி வழியாக மறுபடி கரிசல் காட்டுக்கே வந்து சேர்ந்தது. கூத்தாகப் போனது வசனமாகத் திரும்பியது. அதைக் கரிசல்காரர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் இங்கே பேச்சு.

கயத்தாற்றுக்குக் கிழக்கே, மழையை மட்டுமே நம்பிய ஒரு ஊர். 1980களின் நடுவில் அங்கே போடப்பட்ட கட்டபொம்மன் நாடகத்தில் தட்டி மறைவில் உட்கார்ந்து வசனம் எடுத்துக் கொடுத்தவர் அப்போது ப்ளஸ் டூ முடித்துவிட்டுச் சும்மா இருந்த பையன். இப்போது அறுபதை நெருங்குகிறார். ஆசிரியர் வேலை பார்த்தவர். நடிக்கக் கூச்சம், கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கும். அதனாலேயே நோட்டு அவர் பொறுப்பில் வந்தது.

நோட்டு எப்படி உருவானது என்பதைக் கேட்க வேண்டும். அச்சுப் புத்தகம் யாரிடமும் இல்லை. வளைகுடாவுக்குப் போயிருந்த ஒரு வீட்டாரிடம் டேப் ரிக்கார்டர் இருந்தது, கோவில்பட்டியில் வாங்கிய வசனக் கேசட் இருந்தது. 'விதி' படத்தின் கோர்ட் வசனம் டீக்கடைகளில் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருந்த காலம் அது. திண்ணையில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து, ஒரு வரி ஓடவிட்டு, 'பாஸ்' பட்டனை அமுக்கி, எழுதி, திரும்பப் பின்னோக்கிச் சுற்றிச் சரிபார்த்து, அடுத்த வரி. சிவாஜி மூச்சு வாங்கும் இடத்தில் ஒரு கோடு. குரல் உயரும் இடத்தில் வார்த்தைக்கு மேல் ஒரு சுழி. திரும்பத் திரும்பச் சுற்றியதில் நாடா இழுபட்டு, கலெக்டர் ஜாக்சன் துரை குரலும் கட்டபொம்மன் குரலும் ஒன்றுபோலக் கம்மிக் கேட்கத் தொடங்கியபோது, யார் பேசியது எது என்று தெரிந்துகொள்ள அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். மிளகாய் வத்தல் காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பாட்டி முழுக் காட்சியையும் இரண்டு குரலில் சொல்லிவிட்டார். எழுத்து தெரியாத அந்த அம்மா படத்தை டூரிங் கொட்டகையில் பார்த்ததோடு சரி. மற்றதெல்லாம் குழாய் வழியாகக் காதில் விழுந்தது.

நாடக வாத்தியாராக வந்தவர் பெட்டிக்காரர். ஆர்மோனியத்தை அந்தப் பக்கம் பெட்டி என்றுதான் சொல்வார்கள். ஸ்பெஷல் நாடகங்களில் வாசித்து, வயசான பிறகு ஊரோடு தங்கிவிட்டவர். நோட்டை மடியில் வைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "வசனம் நல்லாத்தான் இருக்கு. பாட்டு எங்கப்பா?" என்றார். படத்துப் பாட்டுகளைப் பாடிவிடலாம் என்று பையன்கள் சொன்னார்கள். "அது அவங்க பாட்டு. அந்தக் குரலுக்கு அமைச்சது. நீங்க பாடினா சனம் அவங்களைத்தான் நினைக்கும், கட்டபொம்மனை நினைக்காது" என்று முடித்துவிட்டார்.

அங்கேதான் இந்த நாடகம் சினிமாவிலிருந்து பிரிந்தது.

வாத்தியார் சங்கரதாஸ் சுவாமிகள் வழிவந்தவர் என்று தன்னைச் சொல்லிக்கொள்வார். 1867இல் தூத்துக்குடிச் சீமையில் பிறந்து 1922இல் புதுச்சேரியில் மறைந்த சுவாமிகளை நேரில் பார்த்த வயசு அவருக்கில்லை, ஆனால் பாடாந்தரம் அப்படி வந்தது. பார்சி நாடகக் கம்பெனிகளின் பளபளப்பு தமிழ் மேடைக்குள் நுழைந்த காலத்தில், வெண்பாவையும் விருத்தத்தையும் சிந்தையும் கீர்த்தனையையும் கதைக்குள் கோத்து ஓர் இசை நாடக முறையைச் சுவாமிகள் கட்டிக் கொடுத்தார். பேச்சு நிற்கும் இடத்தில் பாட்டு பிறக்க வேண்டும். பாட்டு முடியும்போது கதை ஓர் அடி நகர்ந்திருக்க வேண்டும். நியூயார்க்கின் பிராட்வேயில் 1956இல் 'மை ஃபேர் லேடி' போட்டவர்களும் இதையேதான் நம்பினார்கள். கரிசல் பெட்டிக்காரருக்கு அது தெரியாது, தெரிய வேண்டியதுமில்லை.

பாட்டுக்கு மெட்டு எங்கிருந்து எடுப்பது? கைக்கெட்டும் தூரத்தில்தான் எல்லாம் இருந்தன. கழுகுமலை முருகன்மேல் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் பாடிய காவடிச் சிந்து அந்த வட்டாரத்தில் பாதயாத்திரை போகிற எல்லாருக்கும் தெரியும். வெள்ளையம்மாள் தன் மாட்டை அடக்க வரும் கட்டபொம்மனின் தளபதி வெள்ளையத்தேவனைக் கேலி பேசும் இடத்துக்கு அந்தச் சிந்தின் துள்ளல் அப்படியே பொருந்தியது. படை எழும்பும் இடத்துக்குத் தேவராட்டத்து அடவும் உறுமியும். ஜமீன் கோடாங்கிபட்டி போன்ற ஊர்களில் கம்பளத்தார் தலைமுறை தலைமுறையாக ஆடும் ஆட்டம் அது. பாட்டில்லாமல், உறுமிச் சத்தத்துக்கு மட்டும் ஆடுவது. பக்கத்து ஊரிலிருந்து உறுமியோடு சிலர் வந்தார்கள். கடைசிக் காட்சிக்கு ஒப்பாரி. கூடவே, பெரியவர் ஒருவர் வாய்மொழியாகப் பாடிவந்த கட்டபொம்மு கதைப்பாடலிலிருந்து சில பகுதிகள். அந்தக் கதைப்பாடலைப் பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பித்து மதுரைப் பல்கலைக்கழகம் ஏற்கெனவே வெளியிட்டிருந்தது. அது ஊரில் யாருக்கும் தெரியாது. பெரியவருக்குப் புத்தகமும் தேவைப்படவில்லை.

இந்த மண்ணில் இசை வறட்சி என்றைக்கும் இருந்ததில்லை என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். முத்துசாமி தீட்சிதர் 1835இல் கண்மூடியது எட்டயபுரத்தில். சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904இல் அச்சேறியதும் அந்த ஊரில்தான். நாகலாபுரத்தில் பிறந்த மதுரகவி பாஸ்கரதாஸ் நாடக மேடைக்குப் பாட்டெழுதி, 1931இல் முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' வரைக்கும் போனவர். அவருடைய பேரன் முருகபூபதி இன்று மணல்மகுடி என்ற நாடகக் குழுவை நடத்துகிறார். காருகுறிச்சி அருணாசலம் நாதஸ்வரத்தோடு குடியேறியது கோவில்பட்டியில். மழை பெய்யாத வருஷத்திலும் இங்கே பாட்டு விளைந்தது.

வேஷம் பிரிப்பதில்தான் சண்டை. கட்டபொம்மன் வேஷத்துக்கு மூன்று பேர் போட்டி. மீசையும் குரலும் இருந்த லாரி டிரைவருக்குப் போனது. ஜாக்சன் துரைக்கு ரேஷன் கடையில் எடை போடுகிறவர். அவருக்குத்தான் ஊரில் வெள்ளைத் தோல். முகத்துக்குச் சபேதா குறைவாகச் செலவாகும் என்பது காரணம். கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரைக்குப் பேச்சு குறைவு, சண்டை அதிகம் என்று அதற்கும் ஆள் கிடைத்தது. கட்டபொம்மனைக் காட்டிக்கொடுத்தவராகச் சொல்லப்படும் எட்டயபுரம் பாளையக்காரர் எட்டப்பனுக்கு மட்டும் ஒருவரும் வரவில்லை.

எட்டயபுரம் பக்கத்தில் இருக்கிறது. பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர்கள் எல்லாம் அந்தப் பக்கம். எட்டப்பன் என்ற பட்டப்பெயர் தமிழ்நாடு முழுக்க வசைச்சொல்லாகிவிட்டதில் அந்த ஊர்க்காரர்களுக்கு எவ்வளவு வேதனை என்பது சம்பந்தம் பண்ணியவர்களுக்குத்தான் தெரியும். கடைசியில் அந்த வேஷத்தை ஏற்றுக்கொண்டவரே எட்டயபுரம் பக்கத்தில் கல்யாணம் பண்ணியவர்தான். "மாமனார் வீட்டாளுக கொடைக்கு வருவாங்க அண்ணாச்சி. அவங்க முன்னால நான் எப்படி நிக்க?" என்று வாத்தியாரிடம் வந்து கேட்டார்.

வாத்தியார் நோட்டை வாங்கி, எட்டப்பனை மற்றவர்கள் ஏசும் வசனங்களில் பாதிக்குமேல் அடிக்கச் சொன்னார். அதற்குப் பதிலாக எட்டப்பனுக்கு ஒரு பாட்டு வைத்தார். பாஞ்சாலங்குறிச்சிக்கும் எட்டயபுரத்துக்கும் எல்லைக் கிராமங்களைப் பற்றி நெடுநாளாக இருந்த வழக்கை அந்தப் பாட்டில் எட்டப்பன் தன் நியாயமாகச் சொல்வார். என் எல்லையைத் தொட்டவனுக்கு நான் ஏன் துணை நிற்க வேண்டும் என்று கேட்பார். வரலாற்றாசிரியர்களும் அந்த எல்லைத் தகராறைச் சொல்கிறார்கள். ஒரு பாளையக்காரருக்கு வெள்ளைக்காரன் அந்நியன் என்பதைவிடப் பக்கத்துப் பாளையக்காரன் பகையாளி என்பதே பெரிதாகத் தெரிந்த காலம் அது. சினிமா சொல்ல மறந்ததை ஒரு ஊர்ப் பெட்டிக்காரர் சம்பந்தக்காரர்களின் மானத்தைக் காப்பாற்றுவதற்காகக் கண்டுபிடித்தார். நாடக எழுத்தில் இதைவிட நல்ல திருத்தம் இருக்க முடியாது என்று அந்த நோட்டைப் பார்க்கிற எவருக்கும் தோன்றும்.

பெண் வேஷங்களுக்கு மதுரையிலிருந்து இரண்டு நடிகைகள் வந்தார்கள். கொடையன்று மதியம் பஸ்ஸில் இறங்கினார்கள், கையில் ஒரு டிரங்குப் பெட்டி. ஒத்திகை கிடையாது. ஊரில் ஒருவர் வீட்டு உள்ளறையில் உட்கார்ந்து, நோட்டைப் பையனை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள். எந்த இடத்தில் நுழைவு, எந்தச் சுருதி, எந்த வார்த்தையில் முடிப்பு என்பதை மட்டும் கேட்டுக்கொண்டார்கள். ராத்திரி முழுக்கப் பாடப்போகிறவர்கள் என்று அந்த வீட்டு மதினி சுக்குக் காபி போட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தார். ஸ்பெஷல் நாடக நடிகைகளைப் பற்றி ஊர்கள் என்னென்னவோ பேசும். அன்று அந்த இரண்டு பேரின் தொழில் நேர்த்தியைப் பக்கத்திலிருந்து பார்த்த பையனுக்கு அந்தப் பேச்சுமேல் வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

மேடை கண்மாய்க் கரையை ஒட்டிய களத்தில். பனங்கட்டை ஊன்றி, மேலே பலகை பரப்பி, மூன்று பக்கமும் தட்டி. சீன்கள் கோவில்பட்டியிலிருந்து வாடகைக்கு வந்தன: தர்பார், காடு, தெரு, ஒரு ஜெயில். ஆர்மோனியம், மிருதங்கம், தாளத்தோடு குதிரைக் குளம்பும் இடியும் வாளுரசலும் எழுப்பும் ஆல்ரவுண்ட். மாவட்டத்தில் வேறெந்த மேடைக்கும் இல்லாத எதிரி ஒன்று கயத்தாற்று மேடைக்கு உண்டு. அது காற்று. பிற்பாடு காற்றாலைகள் வரிசை வரிசையாக எழும்பி, காற்றாலைகளைச் சோதிக்கும் மத்திய அரசு நிலையமே கயத்தாற்றில் அமைந்தது இந்தக் காற்றை நம்பித்தான். மேற்கே மலைக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் காற்று சித்திரை கடந்தால் மூர்க்கமாகிவிடும். தர்பார் சீன் ராத்திரி பத்து மணிக்கே ஒரு பக்கம் கிழிந்தது. அதன்பிறகு சீனின் அடிக்கம்பில் உரமூட்டையில் மண் நிரப்பிக் கட்டி, இரண்டு பையன்களை மூட்டைமேலேயே உட்கார வைத்தார்கள். நாடகம் முடியும்வரை அவர்கள் அங்கேதான் இருந்தார்கள். முதுகுப் பக்கம் மட்டும்தான் பார்த்தார்கள்.

வசனம் எடுத்துக் கொடுக்கிறவனுக்கும் காற்றுதான் எமன். டார்ச் வெளிச்சத்தில் பக்கத்தை விரலால் அமுக்கிக்கொண்டு வாசித்தாலும் மேடையில் இருப்பவருக்குக் கேட்காது. வெள்ளையத்தேவன் போருக்குப் புறப்படும் காட்சி. கனவில் கெட்ட சகுனம் கண்ட வெள்ளையம்மாள் போகவேண்டாம் என்று தடுப்பாள். வெள்ளையத்தேவன் வேஷக்காரர் பதில் சொல்ல வாய் திறந்தார், வார்த்தை வரவில்லை. தட்டி மறைவிலிருந்து சொன்னது காற்றோடு போனது. திரும்பச் சொன்னதும் போனது. கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது.

நடிகை ஒரு நொடி அவரைப் பார்த்தார். பிறகு, எழுதி வைக்காத ஒரு விருத்தத்தை எடுத்தார். பெட்டி அவர் குரலைத் தேடிப் பிடிக்க, இழுத்து இழுத்துப் பாடிக்கொண்டே, அழுகிறவள் போல அவர் தோளைப் பிடித்து மெள்ளத் தட்டிப் பக்கம் நகர்த்திக் கொண்டுவந்தார். நோட்டுக்கும் அவர் காதுக்கும் இப்போது ஒரு முழம். பையன் வாசித்தான், அவர் பிடித்துக்கொண்டார். விருத்தத்தின் கடைசி அடியை நடிகை சரியாக அங்கே முடித்தார். கூட்டத்துக்கு அது கணவனைப் பிரிய மனமில்லாத ஒருத்தியின் அழுகை. முன்வரிசைப் பெண்கள் முந்தானையில் கண்ணைத் துடைத்தார்கள்.

நடுநடுவே அன்பளிப்பு. பிடித்தமான பாட்டு முடிந்ததும் யாராவது மேடையேறி நடிகர் சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்துவார்கள்; மைக்கில் பெயர் சொல்லப்படும். வெளியூரிலிருந்து வந்து பார்க்கிற படித்தவர்கள் இதைக் கண்டு முகம் சுளிப்பதுண்டு. காட்சி கலைந்துவிடுகிறதாம். காட்சி கலையவில்லை. தன் பருத்திக் கூலியில் ஒரு பங்கைக் கட்டபொம்மன் நெஞ்சில் குத்திவிட்டு இறங்குகிறவர், வரி கொடுக்க மறுத்தவனுக்குத் தானே மனமுவந்து கொடுத்துவிட்டுப் போகிறார். கூட்டத்துக்கு அது புரிந்திருந்தது.

கடைசிக் காட்சியைத்தான் சொல்ல வேண்டும். கயத்தாற்றில் பானர்மேன் மற்ற பாளையக்காரர்களை வரவழைத்து உட்கார வைத்து, அவர்கள் கண் முன்னால் விசாரணையை நடத்தித் தண்டனையை நிறைவேற்றினான். இனி எவனும் எதிர்க்கக் கூடாது என்பது அதன் நோக்கம். பிறகு அவன் மேலிடத்துக்கு எழுதிய அறிக்கையில், விசாரணை நெடுகக் கட்டபொம்மன் அஞ்சாமல் நின்றதையும், எட்டயபுரம், சிவகிரிப் பாளையக்காரர்களை ஏளனத்தோடு பார்த்ததையும், தூக்கு மேடைக்கு உறுதியாக நடந்துபோனதையும் பதிவு செய்திருக்கிறான். பகைவனே எழுதிவைத்த சாட்சி. ஊர்ப் பள்ளிக்கூடத்து வரலாற்று வாத்தியார் ஒரு நாள் ஒத்திகைக்கு வந்தவர் இதைச் சொன்னார்.

பெட்டிக்காரர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, நாற்காலிகளை மேடையிலிருந்து எடுக்கச் சொன்னார். பாளையக்காரர்களாக நடிப்பவர்கள் மேடையில் உட்கார வேண்டாம், கீழே கூட்டத்தோடு கூட்டமாக, முன்வரிசையில் ஜனங்களுக்கு நடுவே உட்காரட்டும். எட்டப்பனும் அங்கேயே. பானர்மேன் குற்றப்பட்டியலை மேடையில் யாரையும் பார்த்து வாசிக்க வேண்டாம், கூட்டத்தைப் பார்த்து வாசிக்கட்டும்.

அப்படியே நடந்தது. தலைப்பாகையும் சரிகை உருமாலுமாக நாலைந்து பேர் பாட்டிமார்களுக்கும் தூங்கிவழியும் பிள்ளைகளுக்கும் இடையே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பானர்மேன் வாசிக்க வாசிக்க, உட்கார்ந்திருந்த கூட்டமே பாளையக்காரர்களாகிவிட்டது. விலங்கோடு நின்ற கட்டபொம்மன் முன்வரிசையை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். லாரி டிரைவருக்கு அப்போது வசனம் கிடையாது. பார்க்க மட்டும் வேண்டும். எட்டப்பன் வேஷக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் பக்கத்தில் அவருடைய மாமனாரும் குனிந்துகொண்டார். அதற்குப் பின்னால் இருந்தவர்களும்தான்.

கயிற்றைக் கழுத்தில் போடக் கூடாது என்று ஊர்ப் பெரியவர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். நாடகமானாலும் இந்த மண்ணில் வேண்டாம். அக்குளுக்கடியில் துண்டைக் கட்டி, கயிற்றை அதில் கோத்து, பனங்கட்டையில் செருகிய நிஜப் புளியங்கொப்பில் மாட்டினார்கள். கயிறு மேலேறும் முன் தேங்காய் உடைத்துச் சூடம் காட்டினார்கள். அந்த இடத்தில் சினிமாவில் இருப்பது போல நீளமான வசனம் நோட்டில் இருந்தது. வாத்தியார் அதில் பாதியைத்தான் பேசவிட்டார். மீதிக்கு ஒப்பாரி. மேடையில் நடிகைகள் தொடங்க, மூன்றாவது அடிக்குள் கீழே இருந்த பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். மைக் தேவைப்படவில்லை. வயசான கம்பளத்துப் பெண்கள் சிலர் எழுந்து கிழக்கே பாஞ்சாலங்குறிச்சி இருக்கிற திசைக்குக் கையெடுத்தார்கள்.

தமிழ் அமெச்சூர் நாடகத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபையிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் தொழிலுக்காக அன்றி ஆசைக்காக நடித்த சபை, மதிக்கத்தக்கது. பிறகு சபா நாடகங்கள், 1977இல் கூத்துப்பட்டறை, அடுத்த ஆண்டு பரீக்ஷா என்று கணக்கு போகிறது. இந்தக் கணக்கில் கரிசல் ஊர்களின் களத்து மேடைகளுக்கு ஒரு வரி இல்லை. இங்கிலாந்தில் ஊர்க் கூடத்தில் இசை நாடகம் போடும் அமெச்சூர் குழுக்களுக்கு 1899 முதலே ஒரு தேசியச் சங்கம் உண்டு. எந்த ஊரில் எந்த ஆண்டு எது நடந்தது என்று அழைப்பிதழ்களும் படங்களும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அங்கே உரிமை வாங்கி, அச்சிட்ட வசனத்தையும் இசைக்குறிப்பையும் வைத்து நடிப்பது முறை. ஊர் மாறினாலும் பாட்டு மாறாது. இங்கே நேர்மாறு. ஒரே கேசட்டிலிருந்து எழுதப்பட்ட நோட்டு ஒவ்வொரு ஊரிலும் வேறு பாட்டு, வேறு அடித்தல், வேறு முடிவு என்று கிளைத்தது. சக்தி கிருஷ்ணசாமியின் வசனத்துக்கு இத்தனை மறு ஆக்கங்கள் கிடைத்தது அவருக்கே தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இப்போது அந்த ஊர்களில் கொடைக்கு ஆடல் பாடல் நிகழ்ச்சி வருகிறது, எல்.ஈ.டி. திரை வருகிறது. பெட்டிக்காரர் காலமாகிவிட்டார். அவர் வீட்டில் ஆர்மோனியத்தைத் தவிர எதையும் யாரும் பத்திரப்படுத்தவில்லை. லாரி டிரைவர் மட்டும் இன்னும் மீசையை எடுக்கவில்லை. கடைக்குப் போனால் "வாங்க கட்டபொம்மு சித்தப்பா" என்றுதான் பிள்ளைகள் கூப்பிடுகிறார்கள். பாஞ்சாலங்குறிச்சியில் வீரசக்கதேவி கோயில் விழாவுக்குச் சோதி எடுத்துக்கொண்டு போகும் இளவட்டங்களுக்கு வசனம் இப்போதும் மனப்பாடம், கைபேசியில் கேட்டது. பாட்டு மட்டும் தெரியாது.

பையனாக இருந்து நோட்டு எழுதியவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் ஊர் ஊராகப் போய் இந்த நோட்டுகளைக் கேட்டு வாங்கிப் படம் எடுத்து வருகிறார். தன் ஊர் நோட்டு அட்டை இல்லாமல், ஓரம் கரையான் தின்று கிடைத்தது. எட்டப்பன் பாட்டு முழுதாக இருக்கிறது, மேலே பெட்டிக்காரர் சொன்னபடி மெட்டின் பெயரும் கட்டையின் எண்ணும். இன்னொரு ஊர் நோட்டில் கட்டபொம்மனின் மனைவி சக்கம்மாளுக்குத் தாலாட்டு ஒன்று இருக்கிறது. படத்திலும் நாடகத்திலும் இல்லாதது. மற்றொன்றில் கட்டபொம்மனின் தளபதி சுந்தரலிங்கத்துக்கு, வெடிமருந்துக் கிடங்குக்குள் பாயும் முன் பாட, முழு நீளச் சிந்து. எழுதியவர் பெயர் எதிலும் இல்லை. மெட்டு எழுதியிருந்தாலும் பாடிக்காட்ட ஆள் வேண்டுமே என்று அந்தந்த ஊரில் அப்போது கேட்டிருந்த பெண்களைத் தேடி உட்கார வைத்துப் பாடச் சொல்லிப் பதிவு செய்கிறார். ஆண்களைவிட அவர்களுக்குத்தான் நினைவு நிற்கிறது. கடம்பூர்ப் பக்கம் ஒரு வீட்டில் பரணில் ஒரு நோட்டு இருப்பதாகத் தகவல் வந்திருக்கிறது. உளுந்து அடிப்பு நடக்கிறது, ஒரு வாரம் கழித்து வாருங்கள் அண்ணாச்சி, இறக்கி வைக்கிறோம் என்று போனில் சொன்னார்கள். அந்த வீட்டு ஆச்சிக்குப் பாட்டும் தெரியுமாம்.